போர்வெல் லாரி முன்னால் ஷாலினி

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், அறுப்பு முடிந்த சோளக்காட்டில் ஒரு போர்வெல் லாரி அலறிக்கொண்டு நிற்கிறது. குழியிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புழுதி உச்சி வெயிலில் மாவு சலித்ததுபோல் இறங்கி, லாரி முதலாளி பூபதியின் சாயம் பூசிய மீசையை நரைக்க வைக்கிறது. அவருக்கு எதிரே செல்போனை இரண்டு கையாலும் பிடித்தபடி ஷாலினி நிற்கிறாள். அஸ்தம்பட்டியில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள். தனியாக வந்து எடுக்கும் முதல் விளம்பர வீடியோ இது. அவள் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பூபதியோ பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பவர்போல் முறைக்கிறார். "கொஞ்சம் சிரிங்க சார்," என்கிறாள். "ஏனுங்க?" என்று காதருகே கையைக் குவிக்கிறார் அவர். "சிரிங்க!" "கேக்குலீங்க சாமி!" ஷாலினி கண்ணை இறுக மூடி, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "பல்லைக் காட்டுங்க!" என்று கத்துகிறாள். அதே நொடியில், குழிக்குள் இறக்கும் அடுத்த இரும்பு ராடை மாட்டுவதற்காக ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிடுகிறார். காடு முழுக்க அவள் குரல் மட்டும் ஓடுகிறது. வரப்பில் வேடிக்கை பார்த்தவர்கள் திடுக்கிட்டுப் பல்லைக் காட்டுகிறார்கள். ஆபரேட்டரும் காட்டுகிறார். பூபதியின் மீசைக்கடியில் ஒரு தங்கப் பல் மின்னுகிறது. காதெல்லாம் சூடேற, ஷாலினி மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கிறாள். ஆனால் ஒருவர் முகத்திலும் கோபமில்லை. அடுத்து என்ன செய்வது என்று அத்தனை பேரும் அவளையே பார்க்கிறார்கள். மன்னிப்பை விழுங்கிவிட்டு, குரலைக் கொஞ்சமும் இறக்காமல், "அப்புடியே இருங்க! அண்ணா, மெஷினைப் போடுங்க!" என்கிறாள்.