சம்பளத்துக்கு ஒரு டிரைவர்

“வீரப்பன் அண்ணன் இருக்கிறவரைக்கும் எங்களுக்கு என்ன குறை மிஸ்? ஆறு வருசமா ஒரு நாள் கூட விட்டதில்ல” என்றார் ஹரிதாஸ் பெருமையாக.

பக்கத்தில் நின்ற வீரப்பன் அவரை முறைத்தார்.

குருபோங் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஐந்து டயாலிசிஸ் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். வாரம் மூன்று நாள் அவர்களைப் பாச்சாங் சிகிச்சை மையத்துக்குத் தம் சொந்த வேனில் இலவசமாக ஏற்றிச் செல்பவர் வீரப்பன். இப்போது அந்தப் பயணத்துக்குச் சம்பள டிரைவர் வைக்க மானியம் கேட்டு விண்ணப்பித்திருப்பவரும் அவர்தான். நேரில் விசாரிக்க, மானியம் தரும் அறவாரியத்திலிருந்து ஃபரிஹா வந்திருந்தார்.

“மையத்துக்குப் போக வழியில்லாம போயிடும்னு விண்ணப்பப் பாரத்துல எழுதியிருக்கீங்க. இவங்க குறையே இல்லங்கிறாங்களே?”

“சாமி மாதிரி மிஸ் அவரு!” என்றார் ராஜம்மா. “வெள்ளம் வந்தப்போ கூட வேன் வாசல்ல வந்து நின்னுச்சு.”

“அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க லா!” என்று அதட்டினார் வீரப்பன்.

ராஜம்மா திகைத்துப்போனார். உதவியவரை நாலு பேர் முன் வாயாரப் புகழ வேண்டும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த நன்றியே இன்று குறுக்கே வந்து நின்றது.

ஃபரிஹாவுக்காக வெட்டி வைத்திருந்த இளநீரில் ஒன்றை ராஜம்மா எடுத்து நீட்டினார். “கோவப்படாதீங்க தம்பி. கிட்னி கெட்ட நாங்கதான் இதத் தொடக்கூடாது, நீங்களாவது குடிங்க.”

வீரப்பன் வாங்கி, குடிக்காமலே மேசையில் வைத்தார்.

“ஐயா, தங்கா பத்துவிலேருந்தும் மனு வந்திருக்கு. அங்க வேனும் இல்ல, ஓட்ட ஆளும் இல்ல” என்றார் ஃபரிஹா. “ஒருத்தருக்குத்தான் குடுக்க முடியும். இன்னிக்கு மூணு மணிக்கு முடிவு.”

“இந்த மானியம் கெடைக்கலன்னா அடுத்த வாரம் இவங்க அஞ்சு பேரும் வீட்டுலதான் கெடக்கணும் மிஸ்” என்றார் வீரப்பன்.

“ஏன் அண்ணே?” ஹரிதாஸின் கண்கள் கலங்கின. “எங்கள ஏத்தி எறக்குறது சலிச்சுப் போச்சா? நேரா சொல்லியிருந்தா நாங்களே வேற வழி பாத்திருப்போமே.”

வீரப்பன் சன்னதிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபரிஹா விண்ணப்பக் கோப்பை மூடினார். பிறகு எழுந்திருக்காமல், மெதுவாகக் கேட்டார்.

“இத்தன வருசம் நீங்களே ஓட்டுனீங்க. இனிமே ஏன் முடியாது? உண்மையச் சொல்லுங்க ஐயா.”

வீரப்பன் அந்த ஐந்து முகங்களையும் பார்த்தார். இவர்கள் பயந்துவிடக் கூடாதே என்றுதான் இரண்டு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தார்.

“திங்கக்கெழமையிலேருந்து எனக்கும் டயாலிசிஸ், மிஸ்.”