சன்னலோரத் தொட்டி

'வாங்கும் முன் இறங்கிப் பார்க்கலாம்' என்ற பலகையை நம்பி, அமெரிக்காவின் டுலூத் நகரில், உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டிகள் விற்கும் கடைக்கு ஹார்லனும் அவர் மனைவி லொரெய்னும் நீச்சல் உடையோடு வருவது இது ஏழாவது சனிக்கிழமை.

வெளியே பனி கொட்டியது. உள்ளே சன்னலோரத் தொட்டியில், கழுத்தளவு வெந்நீரில் இருவரும்.

"முதுகுக்கு இதமாத்தான் இருக்கு. ஆனா முடிவு பண்ண முடியல" என்றார் ஹார்லன், வழக்கம்போல.

கடைக்காரர் வெர்ன் முகம் சுளிக்காமல் துண்டும் காப்பியும் வைத்துவிட்டுப் போனார்.

"பாவங்க அந்த மனுஷன்" என்றாள் லொரெய்ன். "வாங்குற எண்ணமே இல்லாம எத்தனை வாரம் ஏமாத்துறது? எனக்கு வெட்கமா இருக்கு. பேசாம வாங்கிடுவோம்."

ஹார்லனுக்கும் உறுத்தியது. வெர்னைக் கூப்பிட்டார். "இதையே எடுத்துக்கிறோம். பில் போடுங்க."

வெர்னின் முகம் வெளிறியது. "எதுக்கு சார் அவசரம்? அடுத்த வாரம் இதே இடத்துல புது மாடல் வருது. அதுலயும் உட்கார்ந்து பார்த்துடுங்களேன்."

"என்னய்யா, விக்க இஷ்டமில்லையா?"

வெர்ன் குரலைத் தாழ்த்தினார். "சன்னல் வழியா உங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டுத்தான் சார் ஜனங்க உள்ள வந்து வாங்குறாங்க. நீங்க வீட்டுத் தொட்டியில போய் உட்கார்ந்துட்டா, என் கடைக்கு யாரு வருவா?"