ஆறு பேர் படகு

"அந்தப் படகுல ஆறு பேர்தான் போக முடியும்னு எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. ஏழாவது ஆளைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போக மாட்டாங்களாம்."

ஜலஜா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் சொன்னாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் கணவன் பாலச்சந்திரன் மட்டும் காது கேட்காதவன் போல் பேப்பரைப் புரட்டினான்.

அவன் இன்ஜினியராக வேலை பார்த்த அரசுத் தொழிற்சாலையின் ஊழியர் மன்றம் லட்சத்தீவுக்கு ஓர் உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்திருந்தது. கொச்சியிலிருந்து கப்பல். பிறகு பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றல். போக வர எல்லாம் சேர்த்துப் பத்து நாள். ஒரு முழுப் படகு குலுக்கலில் பாலச்சந்திரனுக்கு விழுந்துவிட்டது. தானும் ஜலஜாவும் போக, மீதி நாலு இடம் ஆபீஸ் சிநேகிதர்களுக்கு என்று அவன் அன்று காலை வீட்டில் அறிவித்திருந்தான்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் அவர்கள் வீட்டில் அறைகள் இரண்டு, ஆட்கள் எட்டு. ராத்திரியில் ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளே. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் கணவனும் மனைவியும் தனியாகப் பேச வேண்டுமென்றால் மண்ணெண்ணெய் கியூவில்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. தேனிலவுக்கு ஊட்டி போனபோது கூடவே குடும்பமும் கிளம்பியது. ஏரியில் படகில் எடுத்த போட்டோவில் எல்லோரும் இருந்தார்கள், கல்யாண ஜோடியைத் தவிர. அவன் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் பைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பத்து நாளாவது கிடைக்குமா என்பதுதான் ஜலஜாவின் கவலை.

முதலில் வாயைத் திறந்தது பாலச்சந்திரனின் அண்ணன். "வெளியாளுங்களுக்காடா? நானும் சாந்தாவும் இல்லையா?"

பாலச்சந்திரன் தலையாட்டினான். இரண்டு இடம் போயிற்று.

"அண்ணனுக்குக் கடல்னா உயிராச்சே" என்றாள் ஜலஜா, வெங்காயத்தைப் பார்த்து. "டேங்க் பண்ட் ஏரிக்கரையில பஸ் போனாலே கண்ணை மூடிக்குவார்."

அடுத்தது தங்கை. தீபாவளிக்கு வந்த அவளும் அவள் கணவர் லட்சுமணனும் பொங்கலைத் தாண்டியும் கிளம்பியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் நன்றாகவா இருக்கும் என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். மேலும் இரண்டு இடம் போயிற்று.

"மாப்பிள்ளைக்கு ஒண்ணுதான் கஷ்டம்" என்றாள் ஜலஜா. "ஒவ்வொரு தீவுல இருந்தும் திரும்பக் கிளம்பணுமே. அது அவருக்குப் பழக்கமில்லையே."

மிச்சம் இரண்டு. ஜலஜா ஜெனரல் பஜாரில் ஒரு கைத்தறிப் புடவையும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வந்து எல்லோருக்கும் காட்டினாள். இரண்டு நாள் கழித்து, மாமியார் மங்களம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"எனக்கென்ன, இன்னிக்கோ நாளைக்கோ. கடலைக் கண்ணால பார்க்காமலே போய்ச் சேர்ந்துடறேன்."

மங்களம் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. அதை அங்கே யாரும் நினைவுபடுத்தவில்லை. மாமனார் வேதாசலம் ஆமோதிப்பதுபோல் இருமினார்.

பாலச்சந்திரன் தரையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "சரிம்மா, நீயும் அப்பாவும் எங்க இடத்துல போய்ட்டு வாங்க" என்றான்.

ஜலஜா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லவேளை, நம்ம கல்யாணத்தன்னிக்கு யாரும் நான் மணையில உட்கார்றேன்னு கேட்கல. எழுந்து இடம் குடுத்திருப்பீங்க."

அன்றிலிருந்து அவள் கணவனோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் தட்டில் சத்தத்தோடு வைத்தாள். புடவையும் கண்ணாடியும் சாந்தாவிடம் போய்ச் சேர்ந்தன. சின்னஞ்சிறுசுகள், வயசு கிடக்கிறது, அடுத்த தடவை போகலாம் என்று மங்களம் பெருந்தன்மையோடு ஆறுதல் சொன்னாள்.

கிளம்பும் நாளில் புளிசாதம், முறுக்கு, படகில் தலை சுற்றினால் முகர எலுமிச்சம்பழம் எல்லாம் ஜலஜாதான் கட்டிக் கொடுத்தாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் ஆறு பேரும் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு முடித்தார்கள்.

சாந்தா வெளியே தலை நீட்டினாள். "உனக்கு நல்ல சங்கா ஒண்ணு வாங்கிட்டு வரேன் ஜலஜா."

"வாங்கிட்டு வாங்க அக்கா. காதுல வச்சா கடல் சத்தம் கேட்குமாம். எனக்கு அதுவே ஜாஸ்தி."

ரயில் நகர்ந்தது. ஜலஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். மங்களத்துக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை ஜலஜாவும் பாலச்சந்திரனும் அப்படியே நின்றார்கள்.

பிறகு ஜலஜா முந்தானையை இறக்கினாள். கண்ணில் சொட்டு ஈரம் இல்லை.

"அழுகை கொஞ்சம் ஓவராயிடுச்சோ?"

"அளவாத்தான் இருந்துது" என்றான் பாலச்சந்திரன். "ஆனா அந்த மணை விஷயம் நாம பேசி வச்சதுல இல்லையே."

"அது தானா வந்துடுச்சுங்க."

"போன வருஷம் திருப்பதிக்கு நானே டிக்கெட் எடுத்துக் குடுத்துக் கெஞ்சினேன், ஒருத்தர் அசையல. 'உங்களுக்கு இடமில்ல'ன்னதும் ஆறு பேரும் மூட்டை கட்டிட்டாங்க பாரு."

அவள் முதல் தடவையாக, நடுப் பிளாட்பாரத்தில், அவன் கையைக் கோத்துக்கொண்டாள். "ஆமா, ஆபீஸ்ல பத்து நாள் லீவுக்கு என்ன சொன்னீங்க?"

"லட்சத்தீவு போறேன்னு."