மே மாதத்துப் பனி

மே மாதம் முடியும்வரை பனி கரையாத மலைகள் ஆஸ்திரியா என்ற தேசத்தில் இருக்கின்றனவாம்.

மேம் அதைச் சொன்னதும், பேபிக்கு வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்த ஆயா உர்சுலாவின் கை நின்றுவிட்டது.

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒரு மூலையில் ஜாம் புட்டி, இன்னொரு மூலையில் துரையின் புகையிலை டப்பா.

துரைக்கு இந்த முறை எட்டு மாத லீவு, அதுவும் மார்ச்சிலிருந்துதான் கிடைத்திருந்தது. கப்பல் போய்ச் சேர்வதற்குள், பனிச்சறுக்குக்கு அவர்கள் வழக்கமாகப் போகும் மலையில் பனி போய்ப் புல் முளைத்துவிடும். கண்ணால் கண்டிராத இந்தப் புது மலைக்குத் துணிந்து போவதா, இல்லை பயணத்தையே அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவதா என்று ஒரு வாரமாகப் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இழுபறி.

அந்த இழுபறியில் ஆயாவின் கழுத்தும் சிக்கியிருந்தது மேமுக்குத் தெரியாது.

இந்த வருஷமே போனால், பேபியைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப்போவார்கள். அடுத்த வருஷம் என்று முடிவானால், ஈஸ்டர் கழிந்த கையோடு உர்சுலாவுக்குக் கல்யாணம். தவக்காலத்தில் கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள். அதனால்தான் இத்தனை நாள் தப்பித்திருந்தாள்.

மாப்பிள்ளை வாலண்டைன், கிள்ளான் ரயில்வே ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தா. மனைவியைப் பறிகொடுத்தவர். அவருடைய மூத்த மகளும் உர்சுலாவும் ஏறக்குறைய ஒரே வயது.

மாமா ரபேல் கொண்டுவந்த சம்பந்தம் அது. பிரிக்பீல்ட்ஸில் அவருடைய ரயில்வே வீட்டில்தான் தாயும் மகளும் ஒண்டியிருந்தார்கள். அம்மா மகதலேனா மறுபேச்சுப் பேசவில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் அறிவிக்கும் ஓலையை வாசிக்கச் சாமியாரிடம் பெயர் கொடுத்தாயிற்று என்று வாசல் வாசலாகச் சொல்லியும் விட்டாள். வருகிற ஞாயிறு பூசையில் முதல் ஓலை.

பனியைப் பற்றி உர்சுலாவுக்குத் தெரிந்ததெல்லாம், லோரியில் மரத்தூள் அப்பிக்கொண்டு வரும் ஐஸ் கட்டி ஒன்றுதான். இப்போதிருந்தே பழகிக்கொள்ளலாம் என்று போன வாரம் அடுப்படியில் அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றாள். சமையல்காரர் கன்னையா பார்த்துவிட்டார்.

"எறங்கு தாயி! சாயந்தரம் துரைக்கு விஸ்கியில அதைத்தான் ஒடைச்சுப் போடணும்."

பலகையைக் காலில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்கி இறங்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்று அவள் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வழுக்கி விழறதுக்கா கப்பலேறிப் போறாங்க? நம்ம கொழாயடிப் பாசியில வந்து கால வைக்கச் சொல்லு லா!"

இப்போது துரை, உன் இஷ்டம் என்பதுபோல் கையை விரித்துவிட்டுக் கிளப்புக்குக் கிளம்பினார். வாசலில் கார் கிளம்ப மறுத்து உறுமிக்கொண்டிருந்தது.

மேம் வரைபடத்தைப் பார்த்தாள். பேபியைப் பார்த்தாள். பழகாத ஊர், பழகாத ஹோட்டல். பேபியோ உர்சுலா ஊட்டினால்தான் வாய் திறக்கும்.

நீ வந்தால் போகலாம், இல்லையென்றால் அடுத்த வருஷம் என்றாள் மேம், ஆங்கிலத்தில்.

கான்வென்டில் நான்காம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவு புரியும். பதில் மட்டும் எப்போதும் தலையசைப்பில்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா பின்வாசலில் வந்து நின்றாள். தலையில் வெள்ளை முக்காடு. கோயிலில் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்கு மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

மேமின் முகம் மலர்ந்தது. நல்லதாயிற்று, உன் அம்மாவையே கேள் என்றாள்.

மேமுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் உர்சுலா. அம்மா என்ன சொன்னாலும், சரி என்கிறாள் என்று மேமிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தவக்காலத்தில் பொய்யா? உள்ளதை உள்ளபடியே கேட்டாள்.

"மேம் அவங்க ஊருக்கு என்னையும் கூப்புடறாங்கம்மா. எட்டு மாசம். ஈஸ்டருக்கு முந்தியே கப்பல்."

கரண்டியும் கையுமாகக் கன்னையா எட்டிப் பார்த்தார்.

"அது எப்படி? கிள்ளான்காரங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சேம்மா. மாப்பிள்ளை கோட்டு தைக்கக் குடுத்துட்டாராமே!"

அம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஈஸ்டர் கழிஞ்சு கல்யாணம்னுதாண்ணே வாக்குக் குடுத்தேன். எந்த ஈஸ்டர்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல."

உர்சுலாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "ஓலை... ஞாயித்துக்கெழமை ஓலை?"

"சாமியார்கிட்ட நான் இன்னும் பேரே குடுக்கல. மேம் பனி, மலைன்னு பேச ஆரம்பிச்சதுலேருந்து நானும் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். முடியாதுன்னு சொல்லியிருந்தா ஒங்க மாமன் அன்னிக்கே நம்ம பெட்டியத் தூக்கித் தெருவுல வச்சிருப்பாரு. ஒங்கிட்ட சொல்லியிருந்தா, ஒம் மூஞ்சியே போய் அவர்கிட்ட சொல்லியிருக்கும்."

கன்னையாவின் கரண்டியிலிருந்த குழம்பு தரையில் சொட்டியது.

உன் அம்மா என்னதான் சொல்கிறாள் என்று மேம் மேசையைத் தட்டினாள்.

"சொல்லேண்டி. கோயில்ல மணி அடிச்சிருவாங்க," என்றாள் அம்மா.

சரி என்கிறாள் என்று உர்சுலா உரக்கச் சொன்னாள்.

வாசலில் ஒருவழியாகக் கிளம்பிய காரில் ஏறப்போன துரை திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கும் ஆயாவின் குரல் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.