அக்காவின் படம்

பெட் (PET) ஸ்கேனில் மூளை மங்கலாகத்தான் தெரியும். அவரவர் எம்ஆர்ஐ படத்தின்மேல் பொருத்தினால்தான் கட்டி இருக்கும் இடம் துல்லியமாகப் புரியும். என் அக்காவுக்கு டாக்டர் அவசரத்தில் வேறு யாருடைய படத்தையோ வைத்துப் பொருத்திவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றார். அக்கா நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை.

இன்று தலைவலி என்று அதே டாக்டர், நான் ஸ்கேன் எடுக்கும் மெஷினில் வந்து படுத்தார். அவருடைய ஸ்கேன் அவருடைய எம்ஆர்ஐயில் பொருந்தவே இல்லை. மூன்று முறை முயன்றேன். நான்காவது முறை கம்ப்யூட்டர் தானாகவே அக்காவின் படத்தை எடுத்து வைத்தது. மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அக்காவுக்குக் கட்டி இருந்த அதே இடம் பளிச்சென்று ஒளிர்ந்தது.

"என்னம்மா, ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

திரையை அணைத்தேன்.

"ஒண்ணுமில்ல டாக்டர், நிம்மதியா வீட்டுக்குப் போங்க."