ஜுபைதா பீவியின் தொண்டை

பத்து நாளாகத் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்று புலம்பிய ஜுபைதா பீவி, டோக்கன் வாங்க மருமகளை அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வெளி பெஞ்சில் உட்கார்ந்து மூன்று ஆமைவடைகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளியதை டாக்டர் பியூலா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள்.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. சென்னையிலிருந்து தொண்டை நிபுணர் வீடியோவில் வருவதே செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அதுவும் ஆளுக்குப் பத்து நிமிஷம். மேலப்பாளையமே வரிசையில் நிற்க, இந்த அம்மா அழுத அழுகைக்கு இரங்கி முதல் இடத்தைக் கொடுத்தாயிற்று. இனி என்ன செய்ய?

"உள்ள வாங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மருமகள் ஷம்ஸியாவின் தோளைப் பிடித்தபடி, நடக்கவே மாட்டாதவள் போல வந்தாள் ஜுபைதா பீவி.

"டாக்டரம்மா, பெரிய டாக்டரும் பொம்பளதான?"

"ஆமா."

"அல்ஹம்துலில்லாஹ்! ஏளா ஷம்ஸியா, கதவச் சாத்து. கேமராவுக்கு நேரா நீ உக்காரு. எனக்கு அதப் பாத்தாலே கூசுது."

திரையில் நிபுணர் வந்தார். "எங்கேம்மா அடைக்குது?"

"வெக்கமா இருக்கு. ஏளா, நீ காட்டு."

ஷம்ஸியா தன் முக்காட்டின் மேலேயே தொட்டுக் காட்டினாள். "மாமிக்கு இங்கனதான் அடைக்குதாம்."

"முக்காட்ட வெலக்கிக் காட்டுளா! நோவு துணிக்கா?"

பாவம், அந்தப் பெண் விலக்கினாள்.

"தண்ணி கொஞ்சம் குடிங்க பாட்டிம்மா, பாக்கணும்" என்றார் நிபுணர்.

"எனக்கு விக்கிரும். எனக்குப் பதிலா அவ குடிக்கட்டும்!"

மாமியார் நோய்க்கு மருமகள் தண்ணீர் குடிப்பதா! இந்த அநியாயம் எந்த ஊரில் உண்டு? பியூலாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, தொண்டை உங்களுக்கா, அவளுக்கா?"

அதற்குள் ஷம்ஸியா ஒரு மடக்கு விழுங்கியிருந்தாள்.

"ஒரு நிமிஷம்." நிபுணர் திரைக்குப் பக்கத்தில் வந்தார். "அந்தப் பொண்ணு இன்னொரு மடக்கு குடிக்கட்டும். பியூலா, கழுத்துல கைவெச்சுப் பாருங்க. விழுங்கும்போது ஏதோ ஏறி இறங்குது."

பியூலா தொட்டுப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மாமியாரைத் தாங்கிக்கொண்டு பத்து நாளும் தன் முன்னால் வந்து நின்ற பெண்தான். ஒரு நாள்கூடத் தான் இவளைப் பார்க்கவில்லையே என்று வெட்கமாகிப் போனது.

"தைராய்டு கட்டிதான். உடனே ஸ்கேன் எடுங்க. இப்பவே வந்தது நல்லதாப் போச்சு, பயப்படாதம்மா" என்றார் நிபுணர்.

"மாமி!" என்று திரும்பினாள் ஷம்ஸியா, கண் நிறைய.

ஜுபைதா பீவி மருமகளின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு மண்ணும் இல்ல டாக்டரம்மா. வீட்டுல இவ முக்காடு இல்லாம இருக்கையில இந்தக் கட்டியப் பாத்தேன். மூணு மாசமாக் கெஞ்சுதேன். தனக்குன்னா ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டேங்கா, மாமிக்குன்னா ஓடி வாரா. அதான் நோவ நான் எடுத்துக்கிட்டேன்."

பியூலா ஸ்கேனுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

"கதவு வழியா நீங்க மொறச்சதயும் பாத்தேன்" என்றாள் ஜுபைதா பீவி, குரலைத் தாழ்த்தி. "இவ நம்பணுமேன்னு பத்து நாளா வெறுங் கஞ்சி. பசி தாங்கல டாக்டரம்மா, அதான் மூணு வடை."