ஹாலோ க்ரீக் பள்ளிக்கூடத்துப் பலகை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பருத்தி வயல்களுக்கு நடுவே, சாலையோரத்தில், அரசு வேலையாள் க்ளீட்டஸ், அங்கே முன்பு இருந்த பள்ளியைப் பற்றிய வரலாற்றுப் பலகையின் கம்பத்தை ஈரச் சிமென்டில் நிமிர்த்திப் பிடித்திருக்கிறான். புது எழுத்துகளில் வெயில் பளபளக்கிறது. அந்தப் பள்ளியில் சிறுமியாகப் படித்த மூதாட்டி ஒடெசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரியை விரலால் தடவிப் படிக்கிறார்: "கறுப்பினப் பிள்ளைகளின் இந்தப் பள்ளி 1956-இல் எரிந்துபோனது." விரல் அங்கேயே நிற்கிறது. "எரிஞ்சு போகல தம்பி. எரிச்சாங்க. ஜன்னல் வழியா குதிச்சவ நான்." "நான் குழி தோண்டுறவன்மா. எழுதுறதெல்லாம் ஆபீஸ்ல." "ஆறு வருஷம் அலைஞ்சு வாங்கின பலகைப்பா இது." "அப்ப இருக்கட்டுமா?" ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. "சிமென்ட் இறுக எவ்வளவு நேரம் ஆகும்?" "அரை மணி." "எடுத்துடு." க்ளீட்டஸ் அவர் முகத்தைப் பார்க்கிறான். பிறகு கம்பத்தை ஆட்டி ஆட்டி உருவுகிறான். "ஆபீஸ்ல கேட்டா, மண்ணு சரியில்லன்னு சொல்லிடறேன்."